இருட்டை அளந்தவன்

அவன் வீட்டில் இருந்தால் ஒரு ஊர்க்கதையை ஒழுங்காகச் சொல்லி முடிக்க முடியாது. என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, “பின்வளவுப் பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்திட்டாம்” என்று தொடங்குவாள். அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நிமிர்வான்.

“ராத்தா, இது நீங்க கண்டதா, கேட்டதா?”

“கேட்டதுதான்டா. ஊரே கதைக்குது.”

“ஊர்ல ஆராவது கண்டவங்க இரிக்காங்களா?”

அத்தோடு கதை செத்துவிடும். அவள் அகப்பையைச் சட்டிக்குள் எறிந்துவிட்டு, “உனக்குச் சோறு போட்டிரிக்கன், அதையாவது கண்டயா?” என்பாள். “சோத்தக் கண்டன். மீன் துண்டத்தான் காணல்ல” என்பான். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். நானும் மனிதன்தானே, நாலு கதை கேட்காமல் எப்படிச் சோறு இறங்கும்?

அவன் என் மனைவியின் தம்பி. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். அப்படி நான் ஏறாவூரில் அந்த வளவுக்குள் வந்து சேர்ந்தபோது அவன் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய உம்மா, என் மாமி, மவுத்தாகி அடக்கம் செய்து சில காலம்தான் ஆகியிருந்தது. முன்னறையில் மாமாவின் தையல் மெசின், பின்னறையில் இவனுடைய புத்தகங்கள். இரண்டு அறைக்கும் நடுவில் சோறு கறியோடு ஓடித் திரிகிறவள் என் மனைவி. அவன் ஒல்லியான ஆள். சேட்டுப் பையில் எப்போதும் ஒரு பேனை கசிந்திருக்கும். உங்களோடு பேசும்போது உங்கள் தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளித்தான் பார்ப்பான். முதலில் எனக்கு மரியாதை தரவில்லை என்று நினைத்து மனதுக்குள் புகைந்தேன். பிறகுதான் தெரிந்தது, எல்லோரோடும் அப்படித்தான்.

வந்தாறுமூலைக் கம்பஸில் பௌதிகவியல் படித்தான். பிறகு இந்தியாவுக்குப் போய் வானியலில் முதுமாணி முடித்துக்கொண்டு வந்தான். வந்ததும் தற்காலிக விரிவுரையாளர் வேலை. ஊரில் எல்லோருக்கும் அவன் வானம் படித்தவர். என்ன படித்தான் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒருநாள் கேட்டேன்.

“ஒரு வெள்ளி இரிக்கி மச்சான், தூரத்து நட்சத்திரம். நல்லா எரிஞ்சுகொண்டு இரிக்கும், திடீரெண்டு மங்கும். ஏன் மங்குது எண்டு பாத்தன்.”

“ஏன் மங்குது?”

“தெரியல்ல. ரெண்டு காரணம் இரிக்கலாம். மூணாவதாவும் ஒண்டு இரிக்கலாம்.”

இதற்கா இந்தியாவில் போய்க் கிடந்தாய் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆனால் இதே பதிலை அவன் பெண் வீட்டாரிடமும் சொன்னான் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காத்தான்குடியில் நல்ல இடம், வீடும் வளவும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பெண்ணின் வாப்பா மரியாதையாகக் கேட்டார், “மகன், கம்பஸ் வேலை நிரந்தரமாகும்தானே?” என்று. எந்தப் பிள்ளையாவது என்ன சொல்லும்? ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்லிவிட்டு ரோல்ஸைக் கடிக்கும். இவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “கலாநிதிப் பட்டம் இல்லாம நிரந்தரமாகாது. அதுக்கு வெளிநாட்டில இடம் கிடைக்கணும். கிடைக்குமா எண்டு எனக்குத் தெரியாது” என்றான். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். “பொய் சொல்லச் சொல்றீங்களா மச்சான்?” என்றான். “பொய் வேணாம், வாய மூடிக்கொண்டாவது இரிடா” என்றேன். கேட்டால்தானே.

என்னுடைய தொழில் வேறு. நான் பைப் சாமான் கடைக்காரன். ‘இது பத்து வருஷம் தாங்குமா?’ என்று கேட்டால் ‘உங்கட பேரப்பிள்ளைக் காலம் வரைக்கும் கிடக்கும்’ என்று சொல்லி விற்றுப் பழகிய வாய். ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் போகும்போது அவனைக் கடையில் இருத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் ஒரு மனிதர் வெறுங்கையோடு படியிறங்குகிறார். “தாங்குமா எண்டு கேட்டார், நான் பத்து வருஷம் பாக்கல்ல எண்டு சொன்னன்” என்றான் இவன். அன்றோடு அவனைக் கடைக்குள் இருத்துவதை நிறுத்தினேன்.

கம்பஸிலும் இதே கூத்துத்தான். பரிசோதனை அறிக்கைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்துவான். ஊசலை ஆட விட்டு, நேரம் பார்த்து, புவியீர்ப்பைக் கணக்குப் பார்க்கும் பரிசோதனை. எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தில் உள்ள விடையையே அச்சுப்போல எழுதியிருந்தார்கள். இவன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான்.

“என்னடா, எல்லாரும் சரியா எழுதினதுக்கா கவலை?”

“இவங்க ஊசல ஆட விடவே இல்ல மச்சான். விடையப் பாத்திட்டு அளவை எழுதியிரிக்காங்க.”

ஒரே ஒரு பிள்ளை மட்டும் தப்பான விடை எழுதி, காற்றாடி சுழன்றதால் நூல் ஒரு பக்கம் இழுபட்டது, மறுபடி செய்ய நேரம் போதவில்லை என்று கீழே குறித்திருந்தாள். அவளுக்குத்தான் அதிக புள்ளி போட்டான். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? செங்கலடியில் அவன் மாலையில் எடுத்த உயர்தர வகுப்பிலும் இப்படித்தான் ஆனது. ‘மாதிரி வினாத்தாள் சேர் தரமாட்டார், எல்லாத்துக்கும் எப்பிடித் தெரியும் எண்டு கேப்பார்’ என்று சொல்லிப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. ஆனால் நின்ற சில பிள்ளைகள் அவனை விடவில்லை. வகுப்பு முடிந்தும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சந்தியில் நிற்பார்கள். வானத்தைக் காட்டி என்னவோ கேட்பார்கள். அவன் பாதிக்குத் ‘தெரியாது’ என்பான். அதைக் கேட்கத்தான் நிற்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும்.

உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தான். பொழுது படும் நேரம் ஆத்தங்கரைக்குப் போய் அதை வானத்துக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அமத்துவான். இலக்கம் வரும், குறித்துக்கொள்வான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அமத்துவான். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இருட்டுகிறது, ஊர் வெளிச்சம் வானத்தில் எவ்வளவு ஏறிப்போகிறது என்று பார்க்கிறானாம். தோணிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், “என்ன தம்பி புடிக்கிறீங்க?” என்று. “இருட்ட அளக்கிறன்” என்றானாம். “அளந்து? விக்கவா?” என்று கேட்டுவிட்டு அவர் வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளே ஊரெல்லாம் பெயர் வைத்துவிட்டார்கள், இருட்டு அளக்கிறவர் என்று.

சிரிப்பாக இருந்தது ஒரு நாள் சிரிப்பில்லாமல் போனது. குண்டுவெடிப்புக்குப் பிறகு, எங்கள் முஸ்லிம் ஆட்கள் கையில் ஒரு பெட்டியோடு நின்றாலே ஊர் பதறிய காலம் அது. ரோந்து வந்தவர்கள் அவனைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். அங்கே பொலிஸ் பெரியவர் பொறுமையாகத்தான் கேட்கிறார், “இந்த அளவு எல்லாம் என்னத்துக்கு?” என்று. இவன் சொல்கிறான், “இன்னும் தெரியாது சேர். கொஞ்சக் காலம் அளந்தாத்தான் தெரியும்.” பொலிசில் போய் எவனாவது ‘தெரியாது’ என்பானா? நான் குறுக்கே விழுந்து, சேர், இவர் கம்பஸில் படிப்பிக்கிறவர், பிள்ளைகளுக்குப் பாடம் என்று என்னவெல்லாமோ சொல்லி, கடைசியில் தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள். வெளியே வந்ததும் அவன், “பிள்ளையளுக்கு இது பாடம் இல்லயே மச்சான்” என்றான். நான் சாரத்தை இறக்கி விட்டுக்கொண்டு நடந்தேன். சொல்லி என்ன?

இவ்வளவும் சொல்கிறேன், ஆனால் மாமா விஷயத்தில் அவனைப்போல ஒரு பிள்ளையை நான் காணவில்லை. மாமாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. மெசினுக்கு முன்னால் வந்து இருப்பார், துணியைத் தடவுவார், எழும்பிப் போவார். சத்திரசிகிச்சை என்றால் பயம். “இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போயிட்டா?” என்பார். இவன் அவரை வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் அவருக்குப் பக்கத்தில் இருந்து நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே, கண்ணுக்குள் என்ன செய்வார்கள், எந்த வில்லையை எடுத்து எந்த வில்லையை வைப்பார்கள் என்று படம் கீறிக் காட்டினான். “போகாது எண்டு சொல்ல மாட்டன் வாப்பா. போறது குறைவு” என்றான். அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு மனிதர் சம்மதிப்பாரா? மாமா சம்மதித்தார். என் மகன் பொய் சொல்ல மாட்டான், குறைவென்றால் குறைவுதான் என்றார். சிகிச்சை முடிந்து கட்டவிழ்த்த மறுவாரம் வளவுக்குள் வந்த எல்லோரையும் கூப்பிட்டு இருத்தி, ஊசியைத் தூக்கிப் பிடித்து ஒரே குத்தில் நூல் கோத்துக் காட்டினார். ஒரு கண்ணில்தான் செய்தது. அந்த ஒரு கண்ணுக்கு அவர் பட்ட சந்தோசம் இருக்கிறதே!

மாமாவுக்குக் கண் இல்லாமல் ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு நோன்பு மாதக் கடைசியிலும் பெருநாள் பிறை பார்க்க ஆத்தங்கரைக்கு முதலில் போகிறவர் அவர்தான். வாலிபத்தில் ஒருமுறை அவரும் கூட்டாளி ஒருவரும் கண்ட பிறைக்கு ஊரே பெருநாள் கொண்டாடியதாம். அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! கண் மங்கிய காலத்தில் கரைக்குப் போவதை விட்டிருந்தார். இந்த முறை நோன்பு தொடங்கியதிலிருந்தே, “இம்முறை நான் பாப்பன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நோன்பின் நடுவில் பள்ளிவாசல் தலைவர் இவனிடம் கேட்டார், பிறை எப்போது தெரியும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி என்று. இவன் பார்த்துச் சொன்னான். இருபத்தொன்பதாம் நோன்பு அந்திக்குப் பிறை தெரியாது, பொழுது படுவதற்கு முன்னமே பிறை பட்டு மறைந்துவிடும், ஆகவே முப்பது நோன்பு வரும் என்று. சிலர் கண் கொண்டு பார்ப்பதுதான் மார்க்கம், கணக்கு எதற்கு என்று முகத்தைத் திருப்பினார்கள். “பாக்கத்தான் வேணும். நானும் வந்து பாப்பன்” என்றான் அவன். கணக்கில் இல்லாததைப் போய்ப் பார்க்கிறவனை நான் அன்றுதான் கண்டேன்.

அன்று பொழுது மங்கும் மம்மல் நேரம் கரையில் நல்ல சனம். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்துவிட்டு எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். பொழுது அப்போதுதான் ஆற்றுக்கு அப்பால் விழுந்திருந்தது, சிவந்த செக்கல் வானம் கண்ணைக் கூசச் செய்தது. அவன் தூரக்கண்ணாடியோடு நின்றான். மாமா அவனுக்குப் பக்கத்தில் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார். திடீரென்று கையை நீட்டினார்.

“அந்தா! பிறை!”

“எங்க வாப்பா?”

“அந்தப் பனைக்கு மேல. நூல் மாதிரி. வளைஞ்சு கிடக்கு, தெரியல்லயா?”

அத்தனை பேரும் பனைக்கு மேலே பார்த்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மாமா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். “இப்ப மறைஞ்சிட்டு” என்றார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. வாலிபப் பிள்ளைகள் அவரைத் தூக்காத குறையாகப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். கொழும்புக்கு அறிவிக்க முன்னர் இங்கே விசாரிப்பார்கள். பள்ளிக் காரியாலய அறையில் தலைவரும் மௌலவியும் இருந்தார்கள், கதவடியில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. எங்கே கண்டீர்கள், எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று மாமாவிடம் கேட்டார்கள். அவர் தடுமாறாமல் சொல்லிவிட்டு, அல்லாஹ்வின் மேல் ஆணையாகக் கண்டேன் என்றார். பிறகு தலைவர் இவன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்க வாப்பாக்குப் பக்கத்திலதான் நிண்டீங்க. நீங்களும் கண்டீங்களா?”

“நான் காணல்ல.”

அது வரைக்கும் பிழையில்லை. காணாதவன் காணவில்லை என்று சொல்வதில் யார் குறை பிடிப்பார்? ஆனால் தலைவர் விடவில்லை. நல்ல மனதோடுதான் கேட்டார், மாமாவின் மரியாதையைக் காப்பாற்றத்தான் கேட்டார்.

“சரி, நீங்க காணல்ல. வாப்பா கண்டிரிக்கலாம்தானே?”

இருக்கலாம் என்று சொல்லித் தொலையடா என்று என் மனம் கிடந்து அடித்தது. எதற்கெடுத்தாலும் ‘இருக்கலாம்’ என்கிறவன்தானே, அதை இன்றைக்கு ஒரு தடவை சொன்னால் என்ன? அவன் வாப்பாவைப் பார்த்தான். வழமையாகத் தலைக்கு மேலே பார்க்கிறவன் அன்று நேரே முகத்தைப் பார்த்தான்.

“பொழுது படமுன்னமே பிறை பட்டு மறைஞ்சிட்டு. வாப்பா கை காட்டின நேரம் அங்க பிறை இல்ல.”

“அப்ப உங்கட வாப்பா கண்டது என்ன?”

“தெரியாது. என்னமோ கண்டிரிக்கார். வாப்பா பொய் சொல்ல மாட்டார்.”

கதவடியில் யாரோ சிரித்தான். ஒரே ஒரு ஆள்தான், அது போதுமே. மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வெளியே நடந்தார். மௌலவி வெளியே வந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் நின்றேன். “உங்கட சாட்சிய எடுக்க ஏலாமப் போச்சு. ஊர் நாளைக்கு நோன்புதான். ஆனா நீங்க மெய்யாகக் கண்டிருந்தா, உங்களுக்கு நாளைக்குப் பெருநாள். பெருநாள்ல நோன்பு ஹராம். ஆருக்கும் தெரியாம வீட்டுக்குள்ள நோன்ப விட்டிரணும்” என்றார். மார்க்கத்தில் உள்ளதைத்தான் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு மாமா நின்ற நிலையை நான் யாருக்குச் சொல்வேன்! நோன்பு வைத்தால் தான் ஒன்றும் காணவில்லை என்றாகிவிடும், கண்டது மெய்யென்றால் பாவமும் கூட. சாப்பிட்டால், மகன் சொன்னது சரியென்றிருந்தால், றமழான் நோன்பை முறித்தவர் ஆகிவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம்.

காலையில் நான் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“வாப்பா தேத்தண்ணி கேக்கிறார்.”

“குடு.”

“எப்பிடிக் குடுப்பன்? நாம எல்லாரும் நோன்பு.”

“கண்டவர் அவர். குடு புள்ள” என்றேன். வேறென்ன சொல்ல?

குசினிக் கதவைச் சாத்திவிட்டு மாமா பலகையில் இருந்தார். கையில் கோப்பை. ஆவி பறந்து அடங்கும் வரைக்கும் வாயில் வைக்கவில்லை. உதட்டருகே கொண்டுபோவார், இறக்குவார். அப்போதுதான் இவன் உள்ளே வந்தான். மாமா நிமிர்ந்து பார்த்தார்.

“மகன், நான் குடிக்கட்டா?”

குடியுங்கள் என்று சொன்னால் அவனுக்குப் பொய். வேண்டாம் என்று சொன்னால் முந்தின அந்தி பள்ளியில் சொன்னதை வாப்பாவின் முகத்துக்கு நேரே மறுபடியும் சொன்னதாகும். நானும் மனைவியும் சுவரோடு ஒட்டி நின்றோம். அவன் கீழே வாப்பாவின் காலடியில் குந்தினான். கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கினான். ஒரு மிடறு குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான்.

“அல்லாஹ்வே!” என்று என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிச்சத்தைக் குடித்தார்.

வெளியே வந்ததும் நான் அவன் கையைப் பிடித்தேன். “உனக்குத் தெரியும்தானே இண்டைக்கு நோன்பெண்டு? தெரிஞ்சுகொண்டு என்னடா வேலை செஞ்சாய்?”

“வாப்பா தனிய எப்பிடி மச்சான் குடிப்பார்?” என்றான்.

அடுத்த ஆண்டு தென்னாபிரிக்காவில் கலாநிதிப் படிப்புக்கு இடம் கிடைத்துப் போய்விட்டான். அதே மங்கி எரிகிற வெள்ளிதான். போகும்போது வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். இரண்டு பேரும் அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மாமா அதற்குப் பிறகு பிறை பார்க்கப் போகவேயில்லை. பொழுது படும் நேரம் மேற்குப் பக்கத்து யன்னலைச் சாத்திவிடுவார்.

சில மாதத்துக்கு முன் மற்றக் கண்ணுக்கும் பார்க்கவேண்டும் என்று மட்டக்களப்பில் ஒரு கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயதுப் பெண் டொக்டர். வழமையாகக் கேட்கிற கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தவ, “ஓரத்தில வெளிச்சம் மாதிரி, வளைஞ்ச கோடு மாதிரி ஏதும் தெரியிறதா ஐயா?” என்றா. மாமா கதிரையில் நிமிர்ந்தார்.

“மம்மல் நேரத்தில தெரியும்.”

“சில பேருக்கு அப்படித்தான். சரிவான வெளிச்சம் உள்ள வச்ச வில்லையின்ட விளிம்பில பட்டா ஒரு கீற்றுத் தெரியும். பயப்பட ஒண்டும் இல்ல, கண் நல்லா இருக்கு.”

ஓட்டோவில் வரும்போது அவர் பேசவில்லை. வாவிப் பாலம் தாண்டியதும், “அப்ப நான் கண்டது மெய்தான்” என்றார். என் மனம் குளிர்ந்துபோனது. ஓம் மாமா, நீங்கள் பொய் சொல்லவில்லை என்று அவர் தொடையில் தட்டினேன். அவர் தலையை ஆட்டினார். ஊர் எல்லை வரும்போது மறுபடி வாய் திறந்தார். “அப்ப அண்டைக்கு நோன்பு.”

அன்று இஷாத் தொழுகைக்குப் பிறகு மௌலவியிடம் போனார். மௌலவி ஆறுதலாகத்தான் சொன்னார். நீங்கள் கண்டதாக நம்பித்தான் குடித்தீர்கள், அதில் குற்றமில்லை, அந்த ஒரு நோன்பைக் கழாச் செய்தால், அதாவது இன்னொரு நாளில் பிடித்துவிட்டால், சரி என்றார். மாமா கேட்டார், “என்ட மகன்?”

“அவர் தெரிஞ்சுகொண்டு குடிச்சவர். அவர்தான் தௌபாச் செஞ்சு அல்லாஹ்விட்ட மன்னிப்புக் கேக்கணும், கழாவும் செய்யணும்.”

“அவனுக்காக நான் பிடிக்கட்டா?”

“ஏலாது. உயிரோட இரிக்கிறவருக்காக இன்னொராள் நோன்பு பிடிக்க ஏலாது.”

தன் நோன்பை அந்த வாரமே பிடித்தார். அதற்கடுத்த வாரமும் ஒன்று பிடித்தார். அது கணக்கில் சேராது என்று தெரிந்தும் பிடித்தார். சோறு இறங்கவில்லை, நித்திரையில்லை. மெசினுக்கு முன்னால் போய்ச் சும்மா இருந்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, “அவனிட்டக் கேள். கழாச் செஞ்சிட்டானா எண்டு கேள். எனக்குக் கேக்க ஏலாது” என்றார்.

என் மனைவி போனில் அவனைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். மாமா தள்ளி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் டொக்டர் சொன்ன விஷயத்திலிருந்து தொடங்கினேன். அவனுக்குக் கேள்விக்கு மேல் கேள்வி. எந்தக் கண், வெளிச்சம் எந்தப் பக்கத்தால் பட்டது, கண்ணை மூடித் திறந்ததும் மறைந்ததா? எல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத குரலில், “அப்ப வாப்பா கண்டவர்தான் மச்சான். நான்தான் என்னண்டு தெரியாம நிண்டிரிக்கன்” என்றான்.

“அது கிடக்கட்டும். நீ அந்த நோன்பக் கழாச் செஞ்சயா?”

“இல்ல.”

“செய்யடா. மௌலவி சொல்றார், நீ கட்டாயம் செய்யணுமாம்.”

“மாட்டன். பள்ளியில அத்தனை பேருக்கும் முன்னால வாப்பாட சாட்சிய விழுத்தினது நான். அதுக்குப் பிறகு அவர் கண்டதுக்கு நான் செஞ்ச ஒரே ஒரு மரியாதை அந்தத் தேத்தண்ணிதான். கழாச் செஞ்சா, அதையும் நானே இல்லண்டு ஆக்கின மாதிரி. அல்லாஹ் என்னக் கேட்டா நான் சொல்லிக்கொள்றன்.”

இந்த வளவுக்குள் வந்த நாளிலிருந்து அவனோடு வாதாடித் தோற்றவன் நான், இதிலும் தோற்றேன். என் மனைவி விம்மத் தொடங்கினாள். மாமா கதவு நிலையை விட்டுவிட்டு வந்தார். போனை மகளின் கையிலிருந்து வாங்கி, வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

“மகன், நான் வாப்பா. அண்டைக்கு நான் ஒண்டும் காணல்ல.”

“வாப்பா, கண்டீங்க. டொக்டரே சொல்லியிரிக்காவே.”

“காணல்ல மகன். கிழட்டுக் கண். ஆசையில சொல்லிட்டன். நீ நோன்பப் பிடி.”

“கண்டீங்க வாப்பா. நான் பக்கத்தில நிண்டன், உங்கட முகத்தப் பாத்தன்.”

“நான் காணவே இல்லண்டு சொல்றன்” என்றார் மாமா. பள்ளியில் ஆணையிட்டுச் சொன்ன அதே மனிதர், போனைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். “உன்னக் கும்பிட்டுக் கேக்கிறன் மகன், நான் காணல்ல.”